சலாம் போதும், இடம் கொடுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7-ஆம் தேதி நம் பள்ளிக்கூடங்களில் ஓர் உண்டியல் குலுங்குகிறது. கொடி நாள். 1949-இலிருந்து நடந்து வருகிற வழக்கம் இது. குழந்தைகள் வீட்டில் கேட்டு வாங்கி வந்த காசைப் போடுகிறார்கள். சட்டையில் ஒரு சின்னக் கொடியைக் குத்திக்கொள்கிறார்கள். காலைக் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் எழுந்து, பனியிலும் பாலையிலும் நமக்காக விழித்திருக்கும் ஜவானைப் பற்றி உருக்கமாக நாலு வார்த்தை சொல்கிறார்.

எனக்கு இதில் ஆட்சேபம் ஒன்றுமில்லை. காசு நல்ல காரியத்துக்குத்தான் போகிறது. பேச்சும் பொய்ப் பேச்சல்ல. ஆனாலும் உண்டியலைக் கையில் ஏந்திக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போகிற அந்தப் பெரியவரை ஒரு நிமிஷம் நிறுத்தி, ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை:

“ஐயா, இந்த வகுப்பிலே பட்டாளத்துக்காரர் பிள்ளை யாராவது இருக்கிறதா? இருந்தால், அது எந்த பெஞ்சிலே உட்கார்ந்திருக்கிறது? அதற்கு இங்கே நடக்கிற பாடம் புரிகிறதா?”

இந்த ஆசை எனக்கு மேடைப் பேச்சுக்களைக் கேட்டு வந்ததல்ல. ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வந்தது. அந்த நோட்டுப் புத்தகத்தை நான் பார்த்த இடம் நெல்லிவாசல்நாடு.

ஜவ்வாது மலையை நீங்கள் பார்த்திருக்கலாம். ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் போகிறவர்களுக்கு அது தொலைவில் ஒரு நீல வரப்பாகத் தெரியும். அந்த மலையின்மேல் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று ஊராட்சிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. முன்பு வட ஆற்காடு, பிறகு வேலூர், 2019-க்குப் பிறகு திருப்பத்தூர் என்று ஜில்லாவின் பெயர்தான் மாறியதே தவிர, மலை ஏறி இறங்குகிற சிரமம் மாறவில்லை. சாமை விளைகிற மண். புளியும் பலாவும் தேனும் கிடைக்கிற காடு. அங்கே வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை; மலையில் வாழ்கிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். சர்க்கார் பட்டியலில் பழங்குடியினர்.

ஒரு கார்த்திகை மாதம், நண்பர் ஒருவருடைய நிலத்தைப் பார்க்க அங்கே போயிருந்தேன். திரும்புகிற பஸ்ஸுக்காக டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் ஓர் அம்மாள் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்துக்கொண்டு, அதற்குள் இருந்த காகிதங்களை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கூட அவளுடைய மாமனார். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி. ஆறேழு வயதுப் பையன் ஒருவன். பேச்சு தானாக வந்தது.

புருஷன் பட்டாளத்தில் இருக்கிறான். பிழைப்புக்காகக் காப்பித் தோட்டங்களுக்குப் போகிற ஊரில், ஒருவன் தேர்வாகி ராணுவத்துக்குப் போவது சின்ன விஷயமா? வடக்கே ஒரு கண்டோன்மெண்டில் குடும்பத்தோடு சில வருஷம் இருந்தார்கள். குவார்ட்டர்ஸ் கிடைத்தது, பிள்ளைகள் அங்கே கேந்திரிய வித்யாலயாவில் படித்தார்கள். புரட்டாசியில் உத்தரவு வந்தது. அவனுக்கு எல்லைப் பக்கத்தில் போஸ்டிங். அங்கே குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. ஆகவே அவள் இரண்டு பிள்ளைகளுடன் ஊர் திரும்பிவிட்டாள்.

“பள்ளிக்கூடத்திலே சேர்த்தாச்சா அம்மா?” என்று கேட்டேன்.

“சின்னவனுக்குப் பிரச்சினை இல்லீங்க ஐயா. ஒண்ணாவதுதானே, எல்லாரோடயும் சேர்ந்து அ, ஆ எழுதறான். பாப்பாவுக்குத்தான்... ஒன்பதாவது. கீழே கூட்டிட்டுப் போனோம். அந்த டி.ஸி.யிலே அங்கத்து அதிகாரி கையெழுத்து இல்லைன்னாங்க. அவங்க அப்பாவுக்குச் சொல்லி, அவரு லீவு கேட்டு, கிடைக்காம, அப்புறம் யாரோ ஒரு நண்பர் போய் வாங்கி அனுப்பிச்சாரு. பதினெட்டு நாள் ஆச்சு. காலாண்டுப் பரீட்சை முடிஞ்சு போச்சு.”

“இப்போது சேர்ந்துவிட்டாள் அல்லவா?”

அம்மாள் பதில் சொல்லவில்லை. பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே ஒரு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பக்கம் பக்கமாக இந்தி எழுத்து. ஆனால் அது இந்தியாக இல்லை. உதட்டசைத்து மெல்லக் கூட்டிப் படித்தபோதுதான் புரிந்தது. அது தமிழ்! ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தின் செய்யுள். தோழி ஒருத்தி படித்துக் காட்ட, இவள் தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக்கொண்டு, மனப்பாடம் செய்கிறாள்.

வீட்டில் அவள் பேசுவது தமிழ்தான். மலைத் தமிழ்; காதுக்கு இனிமையான தமிழ். வாசிக்க வராது. மூன்று நாலு எழுத்துக்கு மேல் கூட்ட வராது. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் கெட்டிக்காரியாக இருந்த பெண், இன்று அந்தக் கணக்கின் கேள்வியைப் படிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பாசிரியர் நல்லவர்தானாம். ஆனால் அவர் சொன்னதாக அம்மாள் ஒன்று சொன்னாள்: “அடுத்த வருஷம் பத்தாவதும்மா. ரிசல்ட் பார்ப்பாங்க. நாங்க என்ன செய்யறது?”

அதுவரை பீடியைக்கூடப் பற்றவைக்காமல் கேட்டுக்கொண்டிருந்த மாமனார் அப்போது பேசினார். “அவனை எடுக்கறப்போ நெஞ்சை அளந்தாங்க, உயரத்தை அளந்தாங்க, ஓடச் சொல்லி நேரத்தை அளந்தாங்க சாமி. எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனாங்க. இப்ப அவன் பொண்ணுக்கு எதுவும் சரியா இல்லேங்கறாங்க.”

பஸ் வந்துவிட்டது. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறிவிட்டேன். ஆனால் அந்தக் கிழவரின் கேள்வி என்னோடு கீழே இறங்கி வந்தது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

* * *

இந்த விஷயத்தை எடுத்தால் உடனே எழுகிற முதல் குரல் எனக்குத் தெரியும். “அவர்களுக்குத்தான் கேந்திரிய வித்யாலயா இருக்கிறதே! இதற்கு மேல் என்ன வேண்டும்?”

இருக்கிறது, வாஸ்தவம். அதைப் பற்றி நான் குறைவாகப் பேசப்போவதில்லை. இரண்டாவது சம்பளக் கமிஷன் சிபாரிசு செய்தது. 1962-இல் மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்டது. 1963-64-இல், பட்டாளப் பிரிவுகள் தாமே நடத்திவந்த 20 பள்ளிகளை எடுத்துக்கொண்டு மத்தியப் பள்ளிகள் என்ற ஏற்பாடு தொடங்கியது. இன்று 1,250-க்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அந்த ஏற்பாட்டின் அடியில் ஓர் உயர்ந்த நியாயம் இருக்கிறது. தகப்பனை ஊர் மாற்றுவது சர்க்கார். ஆகவே பிள்ளையின் படிப்பு அறுந்துபோகாமல் பார்ப்பதும் சர்க்காரின் பொறுப்பு. எந்த ஊருக்குப் போனாலும் அதே புத்தகம், அதே பாடத்திட்டம், அதே பரீட்சை. இதைக் கண்டுபிடித்தவர்களைக் கைகூப்பி வணங்கலாம்.

ஆனால் அந்த ஏற்பாடு ஒன்றை எதிர்பார்க்கிறது. பிள்ளை ஒரு கண்டோன்மெண்டிலிருந்து இன்னொரு கண்டோன்மெண்டுக்குப் போகும் என்று எதிர்பார்க்கிறது. ஜவானின் வாழ்க்கை அப்படியா? சில வருஷம் குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய அமைதியான ஊர். சில வருஷம் குடும்பமே வரக்கூடாத எல்லைப் பகுதி. இப்படி மாறி மாறித்தான் அவனுடைய உத்தியோகம் ஓடுகிறது. அமைதியான ஊரிலும் எல்லாருக்கும் வீடு கிடைத்துவிடுவதில்லை. பெரிய அதிகாரி தன் குடும்பத்தை ஒரு நகரத்தில் வைத்து, நல்ல பள்ளி பார்த்துச் சேர்த்துவிட முடியும். நாயக்கும் ஹவில்தாரும் என்ன செய்வார்கள்? பெண்டாட்டி பிள்ளைகளை ரயிலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்புவார்கள். அந்த ஊர் நெல்லிவாசல்நாடாக இருக்கலாம். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி அனுப்பியே ராணுவப்பேட்டை என்று பெயர் வாங்கிய, வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையாக இருக்கலாம். ராமநாதபுரத்துக் கரிசல் காட்டுக் கிராமமாகவும் இருக்கலாம். அங்கே கேந்திரிய வித்யாலயா பஸ் வராது.

ஆக, அந்தப் பிள்ளை வேற்றூருக்குப் போகும்போது அதற்கு வழி வகுத்திருக்கிறார்கள். சொந்த ஊருக்குத் திரும்பும்போதுதான் வழியில்லை. டில்லிக்கும் ஜான்ஸிக்கும் போன தமிழ்க் குழந்தைக்கு அங்கே இடம் இருந்தது. தாய்வீட்டுக்கு வந்தபோது வாசலில் நிற்கிறது. இது விசித்திரமாக இல்லையா?

இரண்டாவது குரல் கொஞ்சம் தத்துவமாகப் பேசும். “ஊர் ஊராய்ச் சுற்றுகிற பிள்ளைகள் உலகம் தெரிந்தவர்களாக வளர்வார்கள். தானே சமாளித்துக் கொள்வார்கள்.”

இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பிறந்த தெருவிலேயே பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். எனக்கு ஒரு பையன் ஞாபகம் வருகிறான். நான் ஆறாவது படிக்கும்போது, பாதி வருஷத்தில், ஒரு சுபேதாரின் மகன் எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்கள். ‘பழம்’ என்று படிக்கச் சொன்னால் ‘பலம்’ என்பான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். வாத்தியாரும் சில சமயம் எங்களைச் சிரிக்க வைப்பதற்காகவே அவனைப் படிக்கச் சொல்வார். இரண்டு மாதத்தில் அவன் வாய் திறப்பதை விட்டுவிட்டான். அடுத்த வருஷம் அவன் இல்லை. எங்கே போனான் என்று நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை. அவன் சமாளித்துக்கொண்டான் என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம்? மௌனத்தைச் சமாளிப்பு என்று பெயர் வைப்பது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

* * *

இனி அந்தப் பெண்ணுக்கு முன்னால் இருக்கிற கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு, சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டே பார்ப்போம்.

முதல் கதவு, சேர்க்கை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. அதன் ஐந்தாவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒரு பிள்ளை எந்தக் காரணத்துக்காக ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாறினாலும், மாநிலம் விட்டு மாநிலம் மாறினாலும், பழைய பள்ளி உடனே டி.ஸி. கொடுக்க வேண்டும், டி.ஸி. வரத் தாமதமாயிற்று என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது. கொடுக்கத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மேல் நடவடிக்கை எடுக்கலாம். எவ்வளவு தெளிவான வாசகம்! 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும், டி.ஸி.யைப் பள்ளிகள் பாக்கி வசூலிக்கும் ஆயுதமாக வைத்துக்கொள்ளக் கூடாது, அது இருந்தால்தான் சேர்ப்போம் என்று வற்புறுத்தவும் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு ஜவானின் மனைவி பதினெட்டு நாள் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறாள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் காப்பது 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளை. எட்டாம் வகுப்பு வரையிலான படிப்பை. ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்ததும் சட்டம் கையைக் கழுவிக்கொள்கிறது. பள்ளி மாறினால் அதிகம் அடிபடுகிற வயது எது? ஒன்றாம் வகுப்புப் பையன் ஒரு மாதத்தில் ஊரோடு கலந்துவிடுகிறான். ஒன்பதும் பத்தும் படிக்கிற பிள்ளைதான் தவிக்கிறது. மழை கொட்டுகிற நேரம் பார்த்துக் குடையை மடக்குகிற காரியம் இது.

இரண்டாவது கதவு, தமிழ். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். இந்தச் சட்டத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். தமிழ்நாட்டில் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத வராது என்பது ஒரு வெட்கம். ஆனால் கட்டாயப்படுத்துகிறவனுக்குக் கற்றுக்கொடுக்கிற கடமையும் உண்டல்லவா? கேந்திரிய வித்யாலயாவில் ஆங்கிலமும் இந்தியும் சமஸ்கிருதமுமாகப் படித்துவிட்டு வந்த தமிழ்ப் பெண்ணை ஒன்பதாம் வகுப்பில் உட்கார்த்தி, இதோ செய்யுள், இதோ இலக்கணம், பதினெட்டு மாதத்தில் பொதுப் பரீட்சை என்று சொல்வது கற்பிப்பதாகுமா?

மொழிக்காக மேடை ஏறுகிற இரண்டு கட்சிக்காரர்களையும் நான் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கும்படி அழைக்கிறேன். இந்தியைப் பரப்ப வேண்டும் என்கிறவர்கள், தமிழ்நாட்டு ஜவானின் மகளுக்கு அவள் தாய்மொழியின் எழுத்தைக்கூடக் கற்றுத்தராமல் எட்டு வருஷம் படிக்க வைத்திருக்கிறார்கள். தமிழைக் காக்க வேண்டும் என்கிறவர்கள், தமிழைத் தேடிக்கொண்டு வீடு திரும்பிய பெண்ணுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆளைக் கொடுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் அவள் மட்டும் தனியாக, தெரிந்த எழுத்தில் தெரியாத பாடத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். தமிழ் வளர்க்கிற காரியத்தை இன்று அந்த டீக்கடைப் பலகையில் பார்த்தது போல் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்றாவது கதவுதான் எல்லாவற்றிலும் கொடியது. ஏனென்றால் அது மூடியிருப்பதே பலருக்குத் தெரியாது. அரசுப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்காகத் தமிழக சர்க்கார் சில நல்ல சலுகைகளைச் செய்தது. 2020-இல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம். 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிலும் அதே 7.5. 2022-இல் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். இவை வந்தபோது எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்த நிபந்தனை: 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை மாநில அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் தனியார் பள்ளிக்குப் போய்விட்டு வந்து இடத்தைத் தட்டிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக வைத்த வேலி. நியாயமான வேலிதான். ஆனால் நம் ஜவானின் மகள் 6, 7, 8 மூன்று வகுப்பும் கண்டோன்மெண்டில் படித்துவிட்டாள். அந்த மூன்று வருஷத்துக்காக அவள் வேலிக்கு வெளியே நிறுத்தப்படுகிறாள்! அவள் எந்தப் பணக்காரப் பள்ளிக்குப் போய் வந்தாள்? மத்திய சர்க்கார் அவளுடைய தகப்பனுக்கு உத்தரவு போட்டது. மத்திய சர்க்கார் பள்ளியில் அவள் படித்தாள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு சர்க்கார் உத்தியோகத்தில் 20 சதவீத முன்னுரிமை தருகிற 2010-ஆம் ஆண்டுச் சட்டமும், பிற்பாடு வந்த திருத்தத்தின்படி, பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழில் படித்திருக்கக் கேட்கிறது. அதுவும் அவளுக்கு இல்லை.

முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்குத் தனியே சில இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்களே என்று யாராவது சொல்லக்கூடும். ஒதுக்கியிருக்கிறார்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். மாநிலம் முழுவதிலுமுள்ள அதிகாரி வீட்டுப் பிள்ளையும் ஜவான் வீட்டுப் பிள்ளையும் அதற்குப் போட்டி போட வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்த பெண்ணுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

* * *

மூன்றாவது குரல் நியாயமான குரல். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். “பட்டாளத்துப் பிள்ளைக்கு மட்டும் ஏன் தனி உபசாரம்? அதே மலையிலிருந்து கூலி வேலைக்குக் குடகுக்கும் கேரளத்துக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுப் போகிறார்களே, அவர்கள் மனிதர்கள் இல்லையா?”

சபாஷ்! நானே சொல்ல வந்ததும் அதுதான். சட்டம் ‘எந்தக் காரணத்துக்காக மாறினாலும்’ என்றுதான் சொல்கிறது. ஜவானின் மகளுக்காக ஒரு கதவைத் திறந்தால், அதே கதவு வழியாகக் காப்பித் தோட்டத்துக் கூலியின் மகனும் வருவான். செங்கல் சூளைக்காரன் பிள்ளையும் வருவான். பள்ளிக்கூடத்துக்குத் தேவை ஒரே ஒரு மனமாற்றம்தான்: பாதியில் வருகிற பிள்ளையைத் தொல்லையாகப் பார்க்காமல், வந்து சேர்ந்த விருந்தாளியாகப் பார்ப்பது. ஜவானின் பிள்ளையை முதலில் சொல்கிறேன் என்றால், அந்த இடமாற்றத்துக்கு உத்தரவு போட்டதே சர்க்கார் என்பதால்தான். தானே போட்ட உத்தரவுக்குக்கூடப் பொறுப்பேற்காத சர்க்கார், பஞ்சம் பிழைக்கப் போனவனின் பிள்ளைக்கா பொறுப்பேற்கப் போகிறது?

“இதெல்லாம் பணக்கார தேசங்களில் நடக்கும்” என்பது கடைசிக் குரல். நடக்கிறது, அங்கே என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் கேளுங்கள். அமெரிக்காவில் மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. 2014-க்குள் 50 மாநிலங்களும் அதில் சேர்ந்துவிட்டன. ராணுவக் குடும்பத்துப் பிள்ளை மாநிலம் மாறினால், தாயார் கையில் கொண்டுவருகிற பதிவுப் பிரதியை வைத்துக்கொண்டே உடனே சேர்க்க வேண்டும். முறையான காகிதங்களைப் பள்ளிகள் தங்களுக்குள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தடுப்பூசிச் சான்றுக்கு 30 நாள் அவகாசம். பழைய பள்ளியில் எந்த நிலையில் படித்தாளோ அந்த நிலையிலேயே புதிய பள்ளியிலும் உட்கார வைக்க வேண்டும். ஒரு மாநிலத்து விதியால் அவள் பள்ளிப் படிப்பை முடிப்பது தடைப்படக் கூடாது. தகப்பன் போர்முனைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் கூட இருக்க அவளுக்கு லீவு தரலாம். இங்கிலாந்தில் 2011 முதல், ராணுவத்தார் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகையை அது படிக்கிற அரசுப் பள்ளிக்கே கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் மனச்சுமையையும் படிப்பையும் கவனிக்க அது உதவட்டும் என்று.

இதில் இங்கிலாந்தின் ஏற்பாட்டுக்குப் பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கர்களின் ஒப்பந்தத்தில் பெரும்பகுதிக்கு என்ன செலவு? காகிதத்துக்காகப் பிள்ளையை அலைக்கழிக்காதே. பிள்ளையை வைத்துக்கொண்டு காகிதத்தைத் தேடு என்கிறார்கள். இதற்குக் கஜானாவைத் திறக்க வேண்டாம். கண்ணைத் திறந்தால் போதும்.

* * *

குறை சொல்லிவிட்டு நழுவுவது எனக்குப் பிடிக்காத காரியம். ஆகவே நான் கேட்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: பட்டாளத்து உத்தரவின் நகலைக் காட்டினால், எந்த வகுப்பாக இருந்தாலும், எந்த மாதமாக இருந்தாலும், வந்த நாளே பிள்ளை வகுப்பில் உட்கார வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலும்கூட. டி.ஸி.யும் மேலொப்பமும் கணினிப் பதிவும் பள்ளிக்கும் பள்ளிக்கும் நடுவிலுள்ள சமாசாரம். அதற்காகத் தாய் பஸ் ஏறக் கூடாது.

இரண்டு: அந்தப் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க ஓர் ஏற்பாடு. தினம் ஒரு மணி நேரம், ஓராண்டு, ஓர் ஆள். முடியாதா? கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்று தொடங்கி, ஊர் ஊராகத் தன்னார்வலர்களை மாலை நேரத்தில் பாடம் சொல்ல வைத்த மாநிலம் இது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்து காட்டியதை, ஊர் திரும்பும் சில பிள்ளைகளுக்குச் செய்ய முடியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். நன்றாகத் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு எழுத்துக் கற்றுத்தருவது கடினமே இல்லை. வெட்கப்படுத்தாமல் கற்றுத்தர வேண்டும், அவ்வளவுதான். முதல் பொதுப் பரீட்சையில் அவளுக்குத் தனி அளவுகோல் ஒன்றும் இருக்கட்டும்.

மூன்று: படைவீரன் இடமாற்றத்தில் இருந்த காலத்தில் அவன் பிள்ளை கேந்திரிய வித்யாலயாவில் படித்த வருஷங்களை, அரசுப் பள்ளியில் படித்த வருஷங்களாகவே கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு வரித் திருத்தம். வேலி வேலியாகவே இருக்கட்டும். வீட்டுப் பிள்ளையை வெளியே நிறுத்த வேண்டாம்.

நான்கு: பள்ளிக்கு ஒரு வாத்தியார், இப்படிப் பாதியில் வருகிற பிள்ளைகளுக்குப் பொறுப்பாளராக இருக்கட்டும். ஜில்லாவுக்கு ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அந்த அலுவலகம் பென்ஷன் காகிதம் பார்க்கிற நேரத்தில் கொஞ்சம் இந்தப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் பார்க்கட்டும். ஜூன் மாதம் ஒரு கடிதம், நவம்பரில் ஒரு கடிதம், ‘உங்கள் பள்ளியில் சேர்ந்த பட்டாளத்துப் பிள்ளை எப்படிப் படிக்கிறது?’ என்று. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே பாதி வேலை நடந்துவிடும்.

இவை பெரிய கோரிக்கைகளா? அந்தக் கிழவரின் மகனிடம் நாம் கேட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மைனஸ் டிகிரிக் குளிரில் நில் என்றோம், நின்றான். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வா என்றோம், வந்தான். குண்டு வந்தால் நெஞ்சில் வாங்கு என்கிறோம், அதற்கும் ஒப்புக்கொண்டிருக்கிறான். அவனுக்காக நாம் செய்ய வேண்டியது ஒரு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருவது.

அடுத்த டிசம்பர் 7-ஆம் தேதி உண்டியல் வரும். நானும் போடுவேன். ஹெட்மாஸ்டர் ஐயா, தாங்களும் பேசுங்கள். பனியைப் பற்றியும் பாலையைப் பற்றியும் பேசுங்கள். பேசுவதற்கு முன்னால் ஒருமுறை கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தால், அவள் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எழுத்து அந்நியமாகத் தெரிந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மெதுவாகக் கூட்டிப் படியுங்கள். அது நம் பாஷைதான். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, அதை நம் எழுத்தில் எழுத ஒரு ‘அ’ போட்டுக் காட்டுங்கள்.

கொடி அதற்குப் பிறகு குத்திக்கொள்ளலாம்.